கண்ட கடலும் கேட்ட கடலும்

ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில், எனக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது ஒரு காரியம் நேர்ந்தது. ஆடி மாதத்துப் புதுவெள்ளம் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. காவேரி செங்காவி நிறத்தில், இரு கரையையும் தொட்டுக்கொண்டு, ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கீழ்ப் படியில் தயங்கி நின்ற என்னைப் பார்த்து, நாற்பது வருஷமாக மழை என்றும் பனி என்றும் பாராமல் அதே துறையில் ஸ்நானம் செய்து வந்த எங்கள் வீதிப் பெரியவர் ஒருவர், "இடுப்பளவுதாண்டா ஜலம், பயப்படாம இறங்கு" என்றார். இறங்கினேன். கடைசிப் படியை விட்டு இரண்டடி வைத்ததும் காலின் கீழே மணல் இல்லை. வாய் நிறைய வண்டல் ஜலம் புகுந்ததும், யாரோ குடுமியைப் பற்றி இழுத்ததும், கல் விளிம்பு முழங்காலைச் சிராய்த்ததும் தவிர வேறொன்றும் நினைவில்லை. கரையேறிய பிறகு அந்தப் பெரியவர்தாம், கை நடுங்க, தம் மேல்வேஷ்டியால் என் தலையைத் துவட்டினார். வீட்டுக்கு வந்து, அவர் பொய் சொல்லிவிட்டார் என்று நான் அழுதபோது, பாட்டி அடுப்பை விட்டு எழுந்திராமலே சொன்னாள்: "பொய் சொல்லலேடா. ஒரு மாசமா ஜுரத்திலே படுத்திருந்தார். புது ஜலம் வந்தப்புறம் அவர் ஆத்தைப் பார்க்கலே."

பாட்டி சாஸ்திரம் படித்தவள் அல்ல. ஆயினும், ஒருவர் சொன்னது தவறாக முடிந்தால் அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடாமல், அவர் கண்ட ஆறு எது, காணாத ஆறு எது என்று பிரித்துப் பார்த்த அவளுடைய அந்த விவேகத்தை, பிற்காலத்தில் நான் படித்த எத்தனையோ வாதப் பிரதிவாதங்களில் தேடித் தேடிச் சில இடங்களில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

நெடுங்கடலில் கலம் செலுத்துகிறவன், தனக்கு முன்னால் போனவர்களுடைய சொல்லை எவ்வாறு எடை போடுவது என்பது மாலுமிகளுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பிறவியைப் பெருங்கடல் என்றும், சரீரத்தை ஓடம் என்றும், குருவை ஓடக்காரன் என்றும் சொல்லிச் சொல்லிப் பழகிய நம் நாட்டில், இது சமயத்தின் உள்ளே, அதன் நெஞ்சுக்கு அருகிலேயே இருக்கிற கேள்வி. திருச்சி மலைக்கோட்டையின் உச்சிப் பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே ஒரு மாலைப்பொழுதில் நின்று சுற்றிப் பார்த்தால், காலடியில் தாயுமானவர் கோயில், தெப்பக்குளத்தை அடுத்து லூர்து மாதா கோயில், சற்றுத் தள்ளி நத்தர்ஷா பள்ளிவாசல், வடக்கே காவேரிக்கு அப்பால் ரங்கநாதனுடைய ஏழு மதில்கள், அதன் கிழக்கே ஜம்புகேசுவரம் என்று, கடல் கடந்ததாகச் சொல்லப்படுகிற எத்தனை மாலுமிகளுடைய துறைகள் ஒரே பார்வையில் அடங்கிவிடுகின்றன! இவர்கள் எல்லாரும் வழி சொல்லுகிறார்கள். சொன்ன வழிகள் சில இடத்தில் ஒன்றுகின்றன, சில இடத்தில் முரண்படுகின்றன. சாதாரணமாக நாம் செய்வது என்னவென்றால், ஒருவரைத் தேர்ந்துகொண்டு அவர் சொன்ன அத்தனையையும் ஏற்பதும், மற்றவரைத் தள்ளி அவர் சொன்ன அத்தனையையும் மறுப்பதுமே. எடைக்கல்லை மனிதர் மேல் வைக்கிறோம். அதை அவர் கடந்த நீர்ப்பரப்பின் மேல் வைக்க வேண்டும் என்பது என் துணிபு.

கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்து தேசத்திலிருந்து வியாபாரம் செய்த கிரேக்க வணிகன் ஒருவன், செங்கடலிலிருந்து இந்தியாவரை உள்ள கடல்வழியைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதி வைத்தான். எரித்திரியக் கடல் பெரிப்ளூஸ் என்று வழங்கும் அந்த நூலில் அவன் தன் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னால் வருகிறவன் கெட்டுப் போகக் கூடாது என்ற கவலை ஒன்றே வரிக்கு வரி தெரிகிறது. எகிப்திலிருந்து ஜூலை மாதத்தில் பாய் விரிக்க வேண்டும் என்கிறான். நர்மதையின் முகத்துவாரத்தில் அந்நியக் கலம் தானாக நுழைவது அபாயம். அரசனுடைய ஊழியத்தில் இருக்கும் உள்ளூர் மீனவர்கள் பெரிய படகுகளில் எதிர்கொண்டு வந்து, பரூச் துறைக்கு அழைத்துப் போவார்கள் என்கிறான். கரை கண்ணில் படுமுன்பே கடற்பாம்புகள் மேலே வரும் என்று சொல்லி, கட்ச் வளைகுடாவை நெருங்கினால் அவை மிகப் பெரியவை, கரியவை; பரூச்சை நெருங்கினால் சிறியவை, பச்சையும் பொன்னும் கலந்த நிறத்தவை; மலையாளக் கரையிலோ கரியவை, குறுகியவை, இரத்தம் போன்ற கண்ணுடையவை என்று பிரித்துக் காட்டுகிறான். கப்பலின் முன்னணியில் நின்று, விடியற்காலை வெளிச்சத்தில், தண்ணீரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவனுடைய எழுத்து அது. அதை யாரும் இரவல் வாங்க முடியாது.

அதே மனிதன் குமரிமுனையைத் திரும்பிக் கிழக்குக் கரைக்கு வந்ததும் அவனுடைய எழுத்து மாறிவிடுகிறது. பாம்புகள் மறைந்துவிடுகின்றன. துறைமுகங்களின் பெயர்கள் வருகின்றன, சரக்குகளின் பெயர்கள் வருகின்றன. துறையின் முகம் வருவதில்லை. இலங்கைத் தீவு ஏறக்குறைய ஆப்பிரிக்காவின் கரையைத் தொட்டுக்கொண்டிருப்பதாக எழுதிவிடுகிறான். இந்தப் பக்கத்தை அவன் நேரில் கண்டவனல்லன், பிறர் வாய்க் கேட்டே எழுதினான் என்பது ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் கருத்து. நமக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. அந்தக் கேள்விப்பட்ட பகுதியிலேதான் நம்முடைய ஊரும் வருகிறது. அர்கரு என்ற உள்நாட்டு ஊரையும், அங்கிருந்து போகும் மெல்லிய துணியையும் அவன் சொல்லுகிறான்; அது இன்று திருச்சி நகரத்தின் ஒரு பகுதியாகிவிட்ட உறையூரே என்று அறிஞர் கொள்வர். உறையூர்த் துணி அவன் விரலில் பட்டிருக்கக்கூடும். உறையூர் அவன் கண்ணில் படவில்லை. ஒரே கை, ஒரே எழுதுகோல், ஒரே நல்லெண்ணம். பாதிக் கடல் கண்டது, பாதிக் கடல் கேட்டது. முற்பாதிக்காக அவனைத் தெய்வமாகக் கொண்டாடிப் பிற்பாதியையும் நம்பினவன் இலங்கையை ஆப்பிரிக்காவின் அருகில் தேடியிருப்பான். பிற்பாதியின் பிழைக்காக அவனைத் தூக்கி எறிந்தவனோ நர்மதையின் மணல்திட்டில் கலத்தைச் செலுத்தியிருப்பான்.

நம் தார்க்கிகர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். பிரத்தியட்சம், அநுமானம், உபமானம் என்பவற்றோடு ஆப்தனுடைய உபதேசத்தையும் ஒரு தனிப் பிரமாணமாகக் கௌதமர் வைத்தார். ஆப்தன் யார் என்று உரை எழுதிய வாத்ஸ்யாயனர், குலத்தையோ ஆசிரமத்தையோ கேட்கவில்லை. பொருளை நேரே கண்டிருக்க வேண்டும். கண்டபடியே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பம் அவனைத் தூண்ட வேண்டும். இந்த லட்சணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது என்று அவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். பெயர் தெரியாத அந்த யவன வணிகன் பாம்புகளைப் பற்றிப் பேசுகையில் ஆப்தன். இலங்கையைப் பற்றிப் பேசுகையில் ஆப்தன் அல்லன். ஆப்தத்துவம் ஒரு மனிதன் மேல் போர்த்திய சால்வை போல எங்கும் உடன் வருவதில்லை. கடலில் ஓர் எல்லைவரை வந்து, அங்கே நின்றுவிடுகிறது.

இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கலத்தை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, தம் நாட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938-ஆம் ஆண்டில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். வங்கக் கடலில் தலைமுறை தலைமுறையாகக் கற்ற வித்தை அட்லாண்டிக் சமுத்திரத்தின் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் பிரமாணம் ஆகாது. ஆனால் பாயைச் சுருக்கும் கை, கயிற்றின் முறுக்கை அறிந்த விரல், தங்கள் கலத்தின் மரம் எந்த அலையில் எப்படி முனகும் என்று தெரிந்த செவி, இவை எந்தக் கடலிலும் அவர்களோடு இருந்திருக்கும். கடலைப் பற்றிய புத்திமதி வேறு, கலத்தைப் பற்றிய புத்திமதி வேறு. முன்னது இடத்தோடு நின்றுவிடும், பின்னது கூடவே வரும். மனத்தை அடக்குவதைப் பற்றி எந்தச் சமயத்துப் பெரியவர் சொன்னாலும் நம் உள்ளம் ஏன் சட்டென்று இணங்கிவிடுகிறது என்பதற்கு எனக்கு இதுவே காரணமாகத் தோன்றுகிறது. ஓடம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே மரத்தால் ஆனது.

காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கத்தை ஒட்டினாற்போல் இருக்கும் திருவானைக்காவல் பஞ்சபூதத் தலங்களில் நீரின் தலம். ஜம்புகேசுவரருடைய கர்ப்பக்கிருகத்தில் ஊற்று ஜலம் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஊரில், 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, பௌதிக விஞ்ஞானியான சந்திரசேகர வேங்கடராமன் பிறந்தார். 1921-இல் ஆக்ஸ்போர்டில் நடந்த சர்வகலாசாலைகளின் மகாநாட்டுக்குப் போய்விட்டு, நர்குண்டா என்ற கப்பலில் திரும்புகையில், மத்தியதரைக் கடலின் கருநீலத்தைக் கண்டு அவர் வியந்து நின்றார். கடலுக்கு ஏன் நீலம் என்ற கேள்விக்கு அப்போது ஒரு விடை இருந்தது. ராலே பிரபு சொன்ன விடை அது: கடலின் நீலம் தண்ணீருக்குச் சொந்தமானது அன்று, மேலே உள்ள ஆகாயத்தின் பிரதிபலிப்பே என்பது. வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்ற கேள்விக்கு மெய்யான விடை கண்டு உலகத்துக்குச் சொன்னவரும் அதே ராலேதான். அவ்வளவு பெரிய மாலுமி சொன்ன வழியை, பௌதிகம் படித்த எவன் சந்தேகிப்பான்?

ராமன் சந்தேகித்த விதம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ராலேயின் பெருமையைக் குறைக்க அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கப்பலின் மேல்தளத்துக்குப் போய், கையடக்கமான ஒரு நிக்கோல் பட்டகத்தின் வழியே கடலைப் பார்த்தார். தண்ணீரின் மேல்முகத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட சாய்வில் எழும் பிரதிபலித்த ஒளியை அந்தப் பட்டகம் வெட்டிவிடும். ஆகாயத்திலிருந்து இரவல் வாங்கிய நீலமானால் அது அப்போதே அணைந்துபோயிருக்க வேண்டும். அணையவில்லை, மேற்பரப்பின் மினுக்கு விலகியதும், உள்ளிருந்து வரும் நீலம் முன்னிலும் தெளிவாக, ஆழமாக நின்றது. கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் நங்கூரம் பாய்ச்சியபோது, செப்டம்பர் 26-ஆம் தேதியிட்டு, நேச்சர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார்: தண்ணீரின் அணுக்கூட்டங்களே ஒளியைச் சிதறடித்து அந்த நிறத்தைத் தருகின்றன என்று. இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ராலேயை மறுக்க ராமன் எடுத்துக்கொண்ட தத்துவமே, ராலே ஆகாயத்துக்குச் சொன்ன தத்துவம்தான். ஆகாயத்தில் ராலே ஆராய்ந்து கண்டவர். கடலில் போகிற போக்கில் சொன்னவர். கண்டதைக் கைக்கொண்டு, போகிற போக்கில் சொன்னதைப் பட்டகத்தால் சோதித்தவர் ராமன். குருத்துரோகம் என்று இதை யாரும் சொல்ல மாட்டார்கள். குருவின் சொல்லை இதைவிடச் சிரத்தையாகக் கேட்டவரும் இல்லை.

இனி, ஸ்ரீரங்கத்துக்கு நெருங்கிய கதைக்கு வருகிறேன். ரங்கவிமானத்தை அயோத்தி ராமனிடம் பெற்றுக்கொண்டு இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன் அதைக் காவேரிக் கரையில் இறக்கி வைத்தான், பிறகு எடுக்க முடியவில்லை, அவனுக்காகவே பெருமாள் தெற்கு நோக்கிப் பள்ளிகொண்டிருக்கிறார் என்பது ஸ்தலபுராணம். அந்த விபீஷணன் முதன்முதலில் ராமனிடம் வந்தது கடற்கரையில். அவனை ஏற்கலாமா என்று அங்கே நடந்த மந்திராலோசனையைப் போல, பல பேருடைய யோசனையைப் பொறுமையாகக் கேட்ட சபையை நான் வேறெங்கும் படித்ததில்லை. சுக்கிரீவன் கூடாது என்கிறான். அங்கதன் பரீட்சித்துப் பார்க்கலாம் என்கிறான். சரபன் ஒற்றனை அனுப்பலாம் என்கிறான். ஜாம்பவான் இடமும் காலமும் சந்தேகத்துக்குரியவை என்கிறான். மைந்தன் கேள்வி கேட்டுப் பார்க்கலாம் என்கிறான். அத்தனை பேரையும் கேட்ட பிறகு, இலங்கைக்குள் போய் வந்தவனாகிய அனுமன், ஏற்கலாம் என்கிறான். அனுமனுடைய சொல்லுக்கு எடை கூடியதற்குக் காரணம் அவனுடைய பலமோ பக்தியோ மட்டும் அல்ல. மற்றவர்கள் கடலுக்கு இக்கரையில் நின்று பேசினார்கள், அவன் அக்கரையைக் கண்டு வந்து பேசினான். முடிவில் ராமன் அபயம் கொடுத்தது இந்த எடைகளையெல்லாம் கடந்த காருண்யத்தினால் என்பது வேறு விஷயம். அதைத்தான் வேதாந்த தேசிகர் அபயப்ரதான ஸாரம் என்று ஒரு தனி நூலாகவே எழுதினார்.

ஆனால் உபந்நியாசங்களில் அடுத்த கட்டத்தைச் சற்று வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் குறை. கடலை எப்படிக் கடப்பது என்று விபீஷணனைக் கேட்கிறார்கள். அவன் சொல்லும் யோசனை, சமுத்திரராஜனைச் சரணமடைய வேண்டும் என்பது. சகரர்கள் தோண்டியதால் உண்டானது சாகரம். சகரனோ ராமனுடைய குலத்து முன்னோன். ஆகையால் உறவுமுறைக்குக் கட்டுப்பட்டுக் கடல் உதவும் என்பது அவன் காட்டிய நியாயம். ராமன் அப்படியே தர்ப்பையைப் பரப்பிக்கொண்டு மூன்று இரவு கிடந்தான். கடல் எட்டிப் பார்க்கவில்லை. சரணாகதி என்ற மகா சாதனத்துக்கு வந்த இந்தத் தோல்விக்குப் பெரியோர்கள் சமாதானம் சொல்வதுண்டு: சரணம் புகுந்தவன் சர்வசக்தன், புகப்பட்டதோ சக்தியற்றது, அதனால் பலிக்கவில்லை என்று. அழகான சமாதானம், நான் அதை மறுக்கவில்லை. அதனருகில், கூச்சத்தோடு, பாட்டியின் சமாதானத்தையும் வைக்க விரும்புகிறேன். விபீஷணன் அந்தக் கடலைக் கடந்து வந்தவன்தான். ஆனால் ஆகாய மார்க்கமாக வந்தவன். அலையின் மேல் ஒரு நாழிகையும் இருந்தவனல்லன். வம்சாவளியை அறிந்திருந்தான், தண்ணீரை அறிந்திருக்கவில்லை. இதே விபீஷணன் பின்னால், நிகும்பிலையில் இந்திரஜித்து செய்யும் யாகம் முடிந்துவிட்டால் அவனை வெல்ல முடியாது, முடியுமுன் போய்த் தடுக்க வேண்டும் என்று சொன்னபோது, யுத்தத்தின் போக்கே அந்த ஒரு சொல்லால் மாறிற்று. இலங்கையின் உள்விவகாரம் அவன் கண்ட கடல்.

மூன்று நாள் வீணானதற்காக ராமன் விபீஷணனை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பிழையை மனத்தில் வைத்துக்கொண்டு நிகும்பிலைச் செய்தியை அவன் அலட்சியம் செய்யவும் இல்லை. கோபித்தது கடலின் மேல்தான். வில்லுக்கு அஞ்சி மேலே வந்த சமுத்திரராஜன் சொன்ன வழியோ, ராமனுடைய சேனைக்குள்ளேயே இருந்தது: விசுவகர்மாவின் மகனான நளன் உன்னிடத்தில் இருக்கிறானே, அவன் அணை கட்டட்டும் என்றான். அப்போது நளன் சொல்லும் பதில் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் என்னைச் சுடுகிறது. எனக்கு அந்தத் திறமை உண்டு; யாரும் கேட்கவில்லை; கேளாதபோது என் பெருமையை நானே எப்படிச் சொல்வேன் என்கிறான். முதல் நாள் பதினான்கு யோசனை, பிறகு இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, இருபத்துமூன்று என்று ஐந்தே நாளில் நூறு யோசனை கட்டி முடிக்கப் போகிறவன், மூன்று நாளும் வானரக் கூட்டத்தில் ஒருவனாக மணலில் உட்கார்ந்திருந்தான். நாம் யாருடைய யோசனையை ஏற்பது, யாருடையதைத் தள்ளுவது என்று நிறுத்துப் பார்க்கிறோம். நிறுக்கப்படாமலே, கேட்கப்படாமலே, பக்கத்தில் இருப்பவர்களை என்ன செய்கிறோம்? படித்தவர்களுடைய சபையில் படகுக்காரன் பேச இடமிருக்கிறதா? என் பாட்டியை எந்தப் பண்டிதரும் ஒரு சந்தேகமும் கேட்டதில்லை.

இதற்கெல்லாம் மேலாக ஒரு பெரிய ஆட்சேபம் உண்டு. அம்மா மண்டபத்து ஆழத்தையும், இலங்கை இருக்கும் இடத்தையும், கடலின் நிறத்தையும் பின்னால் ஒருவன் போய்ச் சோதித்துவிடலாம். பரமபதத்தை யார் சோதிப்பது? அக்கரை சேர்ந்த ஒருவனும் வழிப்புத்தகம் எழுத இக்கரைக்குத் திரும்பி வரவில்லையே! கண்டவன் சொல்லே பிரமாணம் என்றால், கடைசிக் கரையைப் பற்றி ஒருவர் சொல்லும் பிரமாணம் அல்ல என்றாகிவிடாதா? நையாயிகர்கள் இதற்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள்: சோதிக்கக்கூடிய மருந்து விஷயத்தில் ஆப்தர் சொன்னது பலிக்கிறது, ஆகவே சோதிக்க முடியாத சுவர்க்க விஷயத்திலும் அவர் சொல்லை நம்பலாம் என்று. யவன வணிகனையும் விபீஷணனையும் பார்த்த பிறகு, இந்தத் தாவலைத் தாவ எனக்குத் தைரியம் வரவில்லை. மீமாம்சகர்களோ மனிதனுடைய சொல்லுக்கு இப்படி எல்லை உண்டு என்று கண்டதனாலேயே, வேதம் எந்த மனிதனும் இயற்றாதது, அபௌருஷேயம், என்றார்கள். வேதாந்திகளும் அதை ஏற்றார்கள். அந்த மகா விவாதத்துக்குள் புக எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேதத்தை நமக்கு எடுத்துச் சொல்லுகிறவன் மனிதன்தானே? அவனை எப்படி அறிவது? ஒரே ஓர் அடையாளத்தைத்தான் நான் கண்டிருக்கிறேன்: தன் கண் எங்கே நிற்கிறது என்பதைத் தானே சொல்லுகிறவன் எவனோ அவன். கண்டது இது, கேட்டது இது, இதற்கப்பால் அறியேன் என்று தன் சொல்லுக்குத் தானே எல்லைக்கல் நடுகிறவனை நம்பி, அந்தக் கல்வரையில் துணிந்து போகலாம். அதற்கப்பாலும், அவனோடு சேர்ந்து, இருவரும் அறியாதவர்களாகவே போகலாம்.

இதற்குத் திருஷ்டாந்தம் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. ராமாநுஜர் ஒரே ஆசாரியரிடம் எல்லாவற்றையும் கற்றவர் அல்லர். ஆளவந்தாருடைய சீடர் ஐவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். ரகசியார்த்தத்துக்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார். திருவாய்மொழியின் பொருளை அவருக்குச் சொன்னவர் திருமாலையாண்டான். இரண்டாம் பத்தில் ஒரு பாசுரத்துக்கு ஆண்டான், பெருமாள் தம்மை மீண்டும் இந்த உடலோடு இவ்வுலகில் வைத்ததைப் பற்றி ஆழ்வார் நொந்து பேசுகிறார் என்று பொருள் சொன்னார். முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் இன்பத்தில் திளைக்கையில் நடுவில் ஒரு நோவு பொருந்துமா, இது நன்றியாகவே இருக்க வேண்டும் என்றார் ராமாநுஜர். ஆளவந்தார் வாயிலாக நான் இதைக் கேட்டதில்லை, இது நீரே புதிதாகப் படைத்த விசுவாமித்திர சிருஷ்டி, என்று சொல்லி ஆண்டான் பாடத்தை நிறுத்திவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லுகிறவர்கள் ராமாநுஜருடைய மேதையை மெச்சி, ஆண்டானைக் கொஞ்சம் சிறியவராக்கிவிடுவார்கள். எனக்கு அது சம்மதமில்லை. நான் கேட்டதில்லை என்று ஒப்புக்கொள்ளும் அந்தச் சொல்லில்தான் ஆண்டானுடைய பெருமை இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி வைத்திருந்தார். கேளாததைக் கேட்டதாகச் சொல்ல மனம் வரவில்லை. திருக்கோஷ்டியூர் நம்பி ஸ்ரீரங்கத்துக்கு வந்து, அந்தப் பொருளையும் ஆளவந்தார் சொல்ல நான் கேட்டிருக்கிறேன் என்று சாட்சி சொன்ன பிறகு, ஆண்டான் மறுபடி பாடம் தொடங்கினார். நம்பியின் காதில் விழுந்த ஒரு துறை ஆண்டானின் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு பொருளில் ஒன்றை அழித்துவிட்டார்களா என்றால், இல்லை. திருவாய்மொழிக்கு ஸ்ரீரங்கத்தில் எழுந்த உரைகளுள் மிகப் பெரியது ஈடு முப்பத்தாறாயிரப்படி. நம்பிள்ளை பகலில் சொன்னதை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதி வைத்தது அது. ஒரு பாசுரத்துக்கு ஆசாரியர்கள் வெவ்வேறு விதமாகப் பொருள் கொண்ட இடங்களில், ஆண்டான் நிர்வாகம் இது, எம்பெருமானாராகிய ராமாநுஜருடைய நிர்வாகம் இது என்று பெயரோடு அருகருகே வைத்துவிட்டுப் போவது ஈட்டின் வழக்கம். பின்னால் வருகிறவன் எந்தக் காற்றில் வருவானோ, அவனுக்கு எது வேண்டியிருக்குமோ!

அந்த நம்பிள்ளைக்கே அவருடைய இளமையில் ஒரு காவேரிக் கடப்பு நேர்ந்தது. அப்போது அவர் நம்பூர் வரதராஜர், நல்ல எழுத்துக்காரர். நஞ்சீயர் என்ற ஆசாரியர், திருவாய்மொழிக்குத் தாம் செய்த ஒன்பதினாயிரப்படி உரையைச் செவ்வையாகப் படி எடுத்துத் தரச் சொல்லி அவரிடம் ஒப்பித்தார். அதற்கு முன் ஒரு முறை முழுவதையும் வாயால் பொருள் சொல்லிக் கேட்கவும் வைத்தார். வரதராஜர் தம் ஊருக்குப் போய் எழுதி வருவதாகச் சொல்லி, ஓலைச் சுவடியைத் தலையில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். நடுவில் வெள்ளம் பெருகிற்று, நீந்தினார், ஓர் அலை சுவடியை அடித்துக்கொண்டு போயிற்று. வெறுங்கையோடு கரையேறியவர், புது ஓலை எடுத்து, கேட்டது அத்தனையையும் நினைவிலிருந்து எழுதினார். சில இடங்களில் தம் மனத்தில் தோன்றிய பொருளையும் சேர்த்து எழுதினார். நஞ்சீயர் வாங்கிப் பிரித்துப் பார்த்தார். தாம் எழுதாதது சில இருந்தன. தாம் எழுதியதைவிட நன்றாயிருந்தன. இது என்ன என்று கேட்டார். வரதராஜர் பயந்து, பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னார்: சுவடி ஆற்றோடு போனதையும், எது கேட்டது, எது தாம் சேர்த்தது என்பதையும். நஞ்சீயர் போன சுவடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து அவரைத் தழுவிக்கொண்டு, நம் பிள்ளை என்றார். நம்பூர் வரதராஜரை அன்று முதல் ஸ்ரீரங்கத்தில் யாரும் பழைய பெயரால் கூப்பிடவில்லை.